பட்டனைத் தட்டினால் வட்டம் சுற்றுகிறது: இணையதள வீடியோ சட்டென்று தொடங்க என்ன செய்யலாம்?

(இது ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம். பேசுகிற தொனியை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் பார்க்கச் சின்னதாகத் தெரியும். உங்கள் இணையதளத்தில் ஒரு வீடியோ இருக்கிறது. பார்க்க வந்தவர் பிளே பட்டனைத் தட்டுகிறார். படம் வரவில்லை. நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது. ஐந்து நொடி, பத்து நொடி. ஒருவழியாக ஓட ஆரம்பித்த பிறகு பார்த்தால், கடைசிவரை தடையே இல்லாமல் ஓடுகிறது. ஆரம்பிக்கத்தான் இத்தனை பாடு.

அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தொடங்கின பிறகு நன்றாக ஓடுகிறது என்றால், "நெட் ஸ்லோ" என்பது சரியான பதில் இல்லை. நெட் மட்டும்தான் காரணம் என்றால் நடுவிலும் நின்று நின்றுதான் ஓடியிருக்கும். தொடக்கத்தில் மட்டும் தாமதம் என்றால் காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது. பெரும்பாலும் அது நம் கையில், நம் தளத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி, சரிசெய்வது எப்படி என்றுதான் இந்த எபிசோடு.

பூம்பாறையில் ஆர்வம் இல்லையா?

கொடைக்கானலில் ஒரு சின்னக் குழு இருக்கிறது. மலைப்பூண்டு போடுகிற விவசாயிகளுக்காக மூன்று நான்கு நிமிட வீடியோக்கள் எடுத்து ஓர் இணையதளத்தில் போடுகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும். விதைப்பூண்டை எப்படிப் பொறுக்குவது, நோய் வந்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது, எடுத்த பூண்டை எப்படிக் காயவைப்பது, இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீடியோ. பேசுகிறவர்களும் அந்தந்த ஊர் விவசாயிகளேதான்.

ஒவ்வொரு ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கும் தனித்தனி லிங்க் அனுப்புகிறார்கள். அதனால் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை பேருக்கு வீடியோ ஓடியது என்று எண்ண முடிகிறது. எண்ணிப் பார்த்ததில் அவர்களுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. "அண்ணே, கீழ வத்தலக்குண்டு, திண்டுக்கல்ல இருக்கறவங்க முழுசாப் பார்க்கறாங்க. பூம்பாறை, மன்னவனூர் லிங்க்கைப் பாருங்க, தொறக்கறாங்க, அப்படியே போயிடறாங்க. யாருக்காக எடுத்தோமோ அவங்களுக்கே ஆர்வம் இல்ல. இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்னு இருக்கோம்" என்றார் குழுவில் ஒருவர்.

எனக்கு அதில் ஒரு விஷயம் இடித்தது. அதே விதைப்பூண்டு வீடியோவை யாரோ டவுன்லோடு பண்ணி வாட்ஸ்அப்பில் ஃபைலாகவே அனுப்பியிருக்கிறார்கள். அது பூம்பாறையில் ஒரு ஃபோன் விடாமல் சுற்றியிருக்கிறது. அதில் சொன்னதை வைத்து வயலில் விவாதமே நடந்திருக்கிறது. அப்படியென்றால் ஆர்வம் இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தால் பார்க்கிற அதே ஆள், இணையதளத்தில் பார்க்க மாட்டேன் என்கிறார். ஏன் என்று நேரில் போய்ப் பார்த்தோம். பூம்பாறையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோனில் பட்டனைத் தட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால், படம் வர 13 நொடி ஆகிறது. சில சமயம் அதற்கும் மேல். கொடைக்கானல் டவுனில் ஃபைபர் இணைப்பில் அதே வீடியோ 2 நொடிக்குள் வந்துவிடுகிறது.

டவர் வேறு, நெட் வேறு

மலை ஊர்க்காரர்கள் பலர் இதை "சிக்னல் அப்படித்தான்" என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதனால் அடிப்படையை ஒருமுறை பார்த்துவிடலாம்.

1980-களில் கொடைக்கானலில் தூர்தர்ஷன் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமெல்லாம் மொட்டைமாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிவைத்துப் படம் பார்த்தார்கள். அந்த ஏற்பாட்டில் டிவிப் பெட்டி யாரையும் எதுவும் கேட்பதில்லை. கோபுரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் பெட்டியைப் போட்டால் ஓடிக்கொண்டிருக்கிற படம் அப்படியே தெரியும்.

இணைய வீடியோ அப்படி இல்லை. ஒவ்வொரு ஃபோனும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேள்வி மலையிறங்கி எங்கேயோ இருக்கிற சர்வர்வரை போய், பதில் திரும்பி வர வேண்டும். அதுவும் ஒரே கேள்வி இல்லை. இந்தத் தளத்தின் முகவரி என்ன? ஒரு நடை. இணைப்பு கொடுக்கிறாயா? இன்னொரு நடை. பூட்டுச்சாவி பரிமாறிக்கொள்ளலாமா, அதாவது எச்டிடிபிஎஸ் பாதுகாப்பு? அதற்கு ஒரு நடையோ இரண்டு நடையோ. பக்கத்தைக் கொடு. பிளேயரைக் கொடு. வீடியோவைக் கொடு. ஒவ்வொன்றும் ஒரு நடை.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சரக்கு ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். பெரிய லாரி வாங்கினால் ஒரு நடையில் நிறையக் கொண்டுவரலாம். ஆனால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் குறையாது. ஒரு நடைக்கு ஆகிற நேரம் ஆகத்தான் செய்யும். முதல் நடையில் உப்பு, இறக்கிய பிறகு ஞாபகம் வந்து இரண்டாவது நடையில் புளி, மூன்றாவது நடையில் மிளகாய் என்று போனால் லாரி எவ்வளவு பெரியதாக இருந்தும் சமையல் ஆரம்பிக்காது.

லாரியின் அளவுதான் நாம் வழக்கமாகச் சொல்கிற நெட் வேகம். வளைவுப் பாதையில் போய்வருகிற நேரம்தான் தாமதம். வீடியோ தொடர்ந்து ஓட வேகம் வேண்டும். வீடியோ தொடங்க நடை குறைய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒளியிழையில் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப 26,000. நேர்கோட்டில் கேபிள் போட்டிருந்தால்கூட 130 மில்லிநொடி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல கருவிகள் வேறு. அதனால் நடைமுறையில் 200 மில்லிநொடியைத் தாண்டிவிடும். இதற்கு மேல் ஃபோனுக்கும் செல்ஃபோன் கோபுரத்துக்கும் இடையில் ஆகிற நேரம். சிக்னல் மோசமாக இருக்கிற பள்ளத்தாக்கில் தகவல் ஒருமுறையில் போய்ச் சேராது, திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு நடைக்கு 300, 400 மில்லிநொடி என்பது சாதாரணம்.

இந்தக் குழுவின் தளத்தில் நாங்கள் எண்ணிப் பார்த்தபோது, தட்டியதிலிருந்து படம் வரை சுமார் 15 நடை இருந்தது. 15-ஐ 400-ஆல் பெருக்கினால் 6 நொடி. இன்னும் வீடியோவின் படம் ஒன்றுகூட வந்து சேரவில்லை, வெறும் கேள்வி பதிலுக்கே 6 நொடி. அதே 15 நடை, பக்கத்தில் இருக்கிற சர்வருக்கு நல்ல ஃபைபர் இணைப்பில் 20 மில்லிநொடி வீதம் என்றால் 0.3 நொடி. டவுனில் உட்கார்ந்து தளம் செய்கிறவருக்குப் பிரச்சினை கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான். நடைகள் அவருக்கும் அதே 15-தான். அவருக்கு மலிவு, பூம்பாறைக்காரருக்கு விலை அதிகம்.

முதலில் மூன்று கேள்வி

எதையும் மாற்றுவதற்கு முன்னால், நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். குரோம் பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸ் என்று இருக்கிறது. கணினியில் எஃப்12 அழுத்தினால் வரும். அதில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு வீடியோவை ஓட விடுங்கள். பிரச்சினை இருக்கிற ஃபோனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அந்த ஃபோனில் நடப்பதை லேப்டாப்பில் பார்க்கிற வசதியும் குரோமில் இருக்கிறது. முடிந்தால் அதைச் செய்யுங்கள். உங்கள் ஆபீஸ் வைஃபையில் பார்த்து ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

பார்க்க வேண்டியது மூன்றுதான்.

ஒன்று: தட்டியதிலிருந்து, வீடியோவைக் கேட்டு முதல் கோரிக்கை கிளம்பவே எவ்வளவு நேரம் ஆகிறது? இது அதிகம் என்றால் பக்கத்தில் பிரச்சினை. பிளேயர் கனமாக இருக்கிறது, அல்லது வேறு ஏதோ பாதையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு: கோரிக்கை கிளம்பியதிலிருந்து முதல் பைட் வர எவ்வளவு நேரம்? இது அதிகம் என்றால் சர்வர் தூரத்தில் இருக்கிறது, அல்லது மந்தமாக இருக்கிறது.

மூன்று: முதல் பைட் வந்ததிலிருந்து படம் தெரிய எவ்வளவு நேரம்? இது அதிகம் என்றால் வீடியோ ஃபைலிலேயே பிரச்சினை.

மலைப்பூண்டுத் தளத்தில் மூன்றுமே இருந்தது. சரிசெய்ய எளிதானதிலிருந்து ஆரம்பிக்கலாம், அதாவது மூன்றாவதிலிருந்து.

பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில்

எம்பி4 ஃபைலுக்குள் முக்கியமாக இரண்டு பெட்டி இருக்கும். ஒன்றில் படமும் ஒலியும். இன்னொன்றின் பெயர் 'மூவ்'. இதுதான் பொருளடக்கம். எந்தப் படம் ஃபைலில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த முறையில் சுருக்கியிருக்கிறது, மொத்தம் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். இதைப் படிக்காமல் பிரவுசரால் ஒரு படத்தைக்கூடக் காட்ட முடியாது.

ஃபோனில் வீடியோ எடுக்கும்போது, எவ்வளவு நேரம் எடுக்கப்போகிறீர்கள் என்று ஃபோனுக்குத் தெரியாது. நீங்கள் நிறுத்திய பிறகுதான் பொருளடக்கத்தை எழுத முடியும். அதனால் அது ஃபைலின் கடைசியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பல எடிட்டிங் ஆப்களும் அப்படியே விட்டுவிடுகின்றன.

இப்போது பிரவுசர் என்ன செய்யும்? ஃபைலின் தொடக்கத்தைக் கேட்கும். பொருளடக்கம் இல்லை. சரி, கடைசியில் இருக்கும் என்று வாலைக் கேட்கும். அது வந்ததும் படிக்கும். பிறகு மறுபடியும் தொடக்கத்துக்கு வந்து படத்தைக் கேட்கும். இரண்டு நடை வீணாகிறது.

தீர்வு ரொம்பச் சுலபம். பொருளடக்கத்தை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் 'மூவ்ஃப்ளாக்ஸ் ஃபாஸ்ட்ஸ்டார்ட்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. கூடவே 'காப்பி' என்று கொடுத்தால் வீடியோவை மறுபடியும் சுருக்காது. தரம் குறையாது, சில நொடிகளில் முடிந்துவிடும். கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். அதில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டால் போதும். ஆனால் ஹேண்ட்பிரேக் வீடியோவை மறுபடியும் சுருக்கும், அதனால் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். பிரவுசர் "இந்த இடத்திலிருந்து இதுவரை கொடு" என்று துண்டாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் சர்வர் 206 என்ற எண்ணோடு பதில் சொல்ல வேண்டும். நெட்வொர்க் பகுதியில் 206-க்குப் பதில் 200 என்று வந்தால், சர்வர் துண்டாகக் கொடுக்கத் தெரியாமல் முழு ஃபைலையும் தள்ளுகிறது என்று அர்த்தம். வீடியோவை யாரும் டவுன்லோடு செய்துவிடக் கூடாது என்று இடையில் ஒரு பிஎச்பி நிரல் வைத்திருக்கிற தளங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பொருளடக்கம் கடைசியில் இருந்து, சர்வரும் துண்டாகக் கொடுக்காவிட்டால், முழு வீடியோவும் இறங்கி முடிக்கும்வரை முதல் படம் வராது. அரை மணி நேர வீடியோ என்றால் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடலாம்.

சர்வர் எங்கே இருக்கிறது?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இந்தக் குழு மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டில் ஒரு சர்வர் எடுத்திருந்தது. பணம் மிச்சம்தான். ஆனால் பூம்பாறை விவசாயி பக்கத்து வயல்காரர் பேசுவதைக் கேட்க, கேள்வி கடல் தாண்டிப் போய்வருகிறது.

உடனே எல்லோரும் சொல்வது, "சிடிஎன் போடுங்க". சிடிஎன் என்றால் உங்கள் வீடியோவின் நகலைப் பல ஊர்களில் வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கிற சேவை. நல்ல தீர்வுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

2023 ஜனவரி 27 அன்று பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் குடமுழுக்கு நடந்தது. பலர் வீட்டிலிருந்தபடியே நேரலையில் பார்த்தோம். அந்த மாதிரி நிகழ்ச்சியில் ஏராளமானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே படத்தைக் கேட்கிறார்கள். முதலில் கேட்ட ஒருவருக்காக நகல் ஒருமுறை வந்துவிட்டால், மற்ற எல்லோருக்கும் பக்கத்திலிருந்தே கிடைத்துவிடும். சிடிஎன் இதற்குத்தான் பிறந்தது.

மலைப்பூண்டு வீடியோவை நாளைக்கு நான்கு பேர் பார்ப்பார்கள். யாரும் கேட்காத நகலைச் சிடிஎன் ரொம்ப நாள் வைத்திருக்காது. கேட்பவர்கள் அதிகமாக இருக்கிற வேறு ஃபைலுக்கு இடம் வேண்டும் என்று நீக்கிவிடும். அடுத்தவர் வரும்போது மறுபடியும் மூல சர்வருக்கே போக வேண்டும். ஆக, கூட்டம் குறைவான தளத்துக்கு மூல சர்வர் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். நம் பார்வையாளர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் சர்வரைச் சென்னையிலோ மும்பையிலோ வையுங்கள். அமேசான் 2016-லேயே மும்பையில் தன் கிளவுட் மையத்தைத் திறந்துவிட்டது. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. அதே ஊர்களில் சின்ன நிறுவனங்களும் இடம் தருகின்றன.

இன்னொரு சின்ன விஷயம். பக்கம் ஒரு முகவரியிலிருந்து, பிளேயர் வேறு முகவரியிலிருந்து, வீடியோ மூன்றாவது முகவரியிலிருந்து என்று இருந்தால், ஒவ்வொன்றுக்கும் முகவரி தேடல், இணைப்பு, பூட்டுச்சாவி எல்லாம் முதலிலிருந்து நடக்கும். முடிந்ததை ஒரே முகவரிக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் 'ப்ரீகனெக்ட்' என்ற குறிப்பைப் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதிவைத்தால், பயனர் தட்டுவதற்கு முன்பே பிரவுசர் இணைப்பைப் போட்டுத் தயாராக வைத்திருக்கும். சர்வரில் டிஎல்எஸ் 1.3, எச்டிடிபி 3 இரண்டும் இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டுமே தொடக்க நடைகளைக் குறைப்பதற்காக வந்தவை.

பாதையை அடைப்பது யார்?

இப்போது முதல் கேள்வி. தட்டிய பிறகு கோரிக்கையே கிளம்பாமல் நிற்பது.

அந்தப் பக்கத்தில் ஐந்து வீடியோ இருந்தது. ஐந்திலும் 'ப்ரீலோடு ஆட்டோ' என்று எழுதியிருந்தார்கள். வேகமாக வரும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதன் அர்த்தம், பக்கம் திறந்ததுமே ஐந்து வீடியோவும் இறங்க முயலலாம் என்பது. சின்ன இணைப்பில் ஐந்தும் முண்டியடித்தால், விவசாயி தட்டிய ஒன்றுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். டேட்டா வேறு அவர் காசில் போகிறது. இப்படிப் பல வீடியோ இருக்கிற பக்கத்தில் முதல் வீடியோவுக்கு மட்டும் 'மெட்டாடேட்டா' என்று வையுங்கள். அது பொருளடக்கத்தை மட்டும் முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்லும். மற்றவற்றுக்கு 'நன்'. எல்லாவற்றுக்கும் ஒரு சின்ன முகப்புப் படம் கொடுங்கள். கறுப்புப் பெட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

பிளேயரையும் பாருங்கள். பட்டன் அழகாக இருக்கிறது என்று அரை மெகாபைட் ஜாவாஸ்கிரிப்ட் பிளேயர் போட்டிருப்பார்கள். அது இறங்கி, பிரவுசர் அதைப் படித்து முடித்த பிறகுதான் வீடியோவைக் கேட்கும். மூன்று நிமிட வீடியோவுக்கு பிரவுசரிலேயே இருக்கிற பிளேயர் போதும்.

"யூடியூப்ல போட்டு எம்பெட் பண்ணிட்டா போதாதா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பலருக்கு அது நல்ல வழி. சர்வர் தூரம், தரம் மாற்றுவது எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு எம்பெடும் தன் பிளேயரையும் கூடவே கொண்டுவரும். ஒரே பக்கத்தில் ஐந்து இருந்தால் பக்கம் திறப்பதே கனமாகிவிடும். முகப்புப் படத்தை மட்டும் காட்டிவிட்டு, தட்டும்போது உண்மையான பிளேயரைக் கொண்டுவருகிற முறை இருக்கிறது. பக்கம் லேசாகும். ஆனால் தட்டிய பிறகு காத்திருப்பது கொஞ்சம் கூடும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது.

முதல் வாய் சின்னதாக

நீளமான வீடியோ, நேரலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றை வழக்கமாகச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பல தரங்களில் வைப்பார்கள். ஹெச்எல்எஸ் என்பது அந்த முறை. நெட் நிலவரத்துக்கு ஏற்ற தரத்தை பிளேயர் எடுத்துக்கொள்ளும். ஆனால் முதல் துண்டை எடுக்கும்போது அதற்கு நிலவரம் தெரியாது. பட்டியலில் முதலாவதாக எந்தத் தரத்தை எழுதியிருக்கிறீர்களோ அதிலிருந்து தொடங்குவது சில பிளேயர்களின் வழக்கம்.

ஒரு கணக்கு. நொடிக்கு 5 மெகாபிட் தரத்தில் 6 நொடித் துண்டு என்றால் 30 மெகாபிட். நொடிக்கு 1 மெகாபிட் வருகிற இணைப்பில் அது இறங்க 30 நொடி. அதே இணைப்பில் நொடிக்கு 300 கிலோபிட் தரத்தில் 2 நொடித் துண்டு என்றால் 0.6 நொடி. குறைந்த தரத்தில் ஆரம்பித்து, போகப் போகத் தரத்தைக் கூட்டுங்கள். முதல் சில நொடி கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று நிமிட வீடியோவுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை என்பது என் கருத்து. துண்டு முறையில் முதலில் பட்டியல், பிறகு உள்பட்டியல், பிறகு துண்டு என்று நடை கூடுகிறது. இந்தக் குழுவுக்கு ஒவ்வொரு வீடியோவையும் சாதாரண எம்பி4-ஆக இரண்டு தரத்தில் வைத்தோம். ஃபோனுக்குச் சின்னது, பெரிய திரைக்குப் பெரியது. பழைய ஃபோன்களிலும் ஓட வேண்டும் என்பதால் ஹெச்.264 முறையிலேயே சுருக்கினோம். கூடவே ஒலியை மட்டும் தனி ஃபைலாகப் போட்டோம். வயலில் வேலை செய்துகொண்டே கேட்கிறவருக்கு அதுவே போதும்.

சராசரி சொல்லாத கதை

இதெல்லாம் சில நொடிக்காகவா என்று கேட்கலாம். எஸ். ஷண்முக கிருஷ்ணனும் ரமேஷ் சீதாராமனும் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரமேஷ் சீதாராமன் சென்னை ஐஐடியில் படித்தவர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அகமாய் நிறுவனத்தின் சிடிஎன் வழியாக நடந்த 2 கோடியே 30 லட்சம் வீடியோ பார்வைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வீடியோ தொடங்க 2 நொடிக்கு மேலானால் ஆட்கள் விலக ஆரம்பிக்கிறார்கள், அதற்குப் பிறகு கூடுகிற ஒவ்வொரு நொடிக்கும் விலகுவோர் விகிதம் 5.8 சதவீதம்வரை கூடுகிறது என்று கண்டார்கள். நல்ல இணைப்பு இருப்பவர்கள்தான் சீக்கிரம் பொறுமை இழக்கிறார்கள், செல்ஃபோன் இணைப்பில் இருப்பவர்கள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. நம் மலை ஊர்க்காரர்கள் பொறுமைசாலிகள்தான். அவர்களே எழுந்து போகிறார்கள் என்றால் நாம் எவ்வளவு நேரம் உட்காரவைத்திருக்கிறோம் என்று யோசியுங்கள்.

இன்னொரு கதை யூடியூபிலிருந்து. அங்கே பொறியாளராக இருந்த கிறிஸ் ஜகாரியாஸ், வீடியோ பக்கத்தை 1.2 மெகாபைட்டிலிருந்து 98 கிலோபைட்டுக்குக் குறைத்தார். சோதனைக்கு விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தால், பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் கூடியிருந்தது. குறைத்தது பத்தில் ஒரு பங்காக, நேரம் மட்டும் கூடியிருக்கிறது! பிறகு ஊர்வாரியாகப் பார்த்தபோது புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா பக்கமிருந்து புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதனால் கணக்கிலேயே வந்ததில்லை. புதிய பக்கம் 2 நிமிடத்தில் திறந்தது. வந்தார்கள், சராசரியையும் ஏற்றிவிட்டார்கள்.

பூம்பாறையில் நடந்ததும் இதேதான். வீடியோ ஓடியதை மட்டும் எண்ணினார்கள். ஓடுவதற்கு முன்பே எழுந்து போனவர்கள் "ஆர்வம் இல்லாதவர்கள்" என்று பதிவானார்கள். அதனால் உங்கள் தளத்தில் இதை அளந்து பாருங்கள். பயனர் தட்டியதும் பிரவுசர் 'பிளே' என்று ஒரு சேதி எழுப்பும். படம் உண்மையிலேயே ஓடும்போது 'பிளேயிங்' என்று இன்னொரு சேதி. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறியுங்கள். முதல் சேதி வந்து இரண்டாவது வராமலே போனவர்களைத் தனியாக எண்ணுங்கள். சராசரியை விட்டுவிட்டு, ரொம்ப நேரம் காத்திருந்த பத்தில் ஒருவரின் நேரத்தைப் பாருங்கள்.

என்ன ஆயிற்று?

பொருளடக்கத்தை முன்னால் கொண்டுவந்தோம், ப்ரீலோடை மாற்றினோம், கனமான பிளேயரை எடுத்தோம். இந்த மூன்றும் ஒரு மத்தியான வேலை, செலவு ஒரு பைசா இல்லை. அதிலேயே 13 நொடி 5 ஆனது. பிறகு சர்வரைச் சென்னைக்கு மாற்றினோம், சின்னத் தரத்தில் ஒரு நகல் வைத்தோம். பூம்பாறையில் அதே ஃபோனில் இப்போது 2 நொடியை ஒட்டி வருகிறது. சிக்னல் அடியோடு போனால் அப்போதும் வராது, அதை நம்மால் சரிசெய்ய முடியாது. குழு இப்போது நிறுத்துகிற பேச்சை எடுப்பதில்லை. பூம்பாறை லிங்க்கில் வீடியோ ஓடிய எண்ணிக்கை கூடியிருக்கிறது, அடுத்த போகத்துக்கு என்ன எடுக்கலாம் என்று அங்கிருந்தே கேட்டு எழுதுகிறார்களாம்.

சுருக்கமாக வரிசை சொல்லிவிடுகிறேன். முதலில் மோசமான இணைப்பில் அளந்து, மூன்று கேள்வியில் எது என்று பாருங்கள். ஃபைலில் பொருளடக்கம் முன்னால் இருக்கிறதா, சர்வர் 206 சொல்கிறதா என்று சரிபாருங்கள். ப்ரீலோடையும் பிளேயரையும் லேசாக்குங்கள். சர்வரைப் பார்வையாளர்களுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கடைசியாகத்தான் தரம், துண்டு எல்லாம். இந்த வரிசையில் போனால் காசு செலவழிக்கிற கட்டம் வருவதற்கு முன்பே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் தளத்தை யாருக்காக நடத்துகிறீர்களோ, அவர்களில் தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு ஃபோன் போட்டு, ஒரு வீடியோவைத் தட்டச் சொல்லி, படம் வரும்வரை லைனிலேயே இருங்கள். எத்தனை நொடி என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் அந்தக் கணக்குகளை வைத்தே பேசலாம்.